டெல்டா மண்ணில் காதலும் தாய்மையும்: தொடர்கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்பக் காதல் கதை எழுத வருபவர்கள், அதிலும் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் கதையை வைக்க நினைப்பவர்கள், திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். காதல் கதை எழுதுகிறேன், அதைவிட அதிகமாக வாசிக்கிறேன். அதனால் பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்தே இருக்கும்.

கல்யாணம், குழந்தை, சுபம். வாசகர்கள் எதிர்பார்ப்பது இதுதானே?

சுபத்தை எதிர்பார்க்கிறார்கள், சரி. ஆனால் குழந்தையையே சுபம் கார்டாகப் போடுவது எழுதுகிற நாம் பழக்கிவிட்டது. கடைசி எபியில் (அத்தியாயத்தில்) 'மூன்று வருடங்களுக்குப் பிறகு' என்று ஒரு வரி. நாயகி மறுபடியும் வாயும் வயிறுமாக நிற்பாள், மூத்தது தாத்தா தோளில் இருக்கும், நாயகன் பின்னாலிருந்து அவளை அணைத்துக்கொள்வான். ஐம்பது அத்தியாயமாக அவள் முகத்தைப் பார்த்தே மனதைப் படித்தவன், பிள்ளை பிறந்த பிறகு என்ன ஆனான்? ராத்திரி இரண்டு மணிக்குத் தூளி அசைந்தால் யார் எழுந்தது? அவள் வேலைக்குத் திரும்பிப் போனாளா? தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்குப் பிடித்ததா? இதையெல்லாம் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

என்னைக் கேட்டால் காதல் கதை சூடு பிடிக்கும் இடமே அதுதான். மழையில் நனைந்துகொண்டு நிற்பவளைக் காதலிக்க யாராலும் முடியும். மூன்று நாளாகத் தலை வாராமல், மேலெல்லாம் பால் வாடையோடு, 'தொடாதீங்க, இப்பத்தான் தூங்குறான்' என்று சீறுபவளை அதே கண்ணோடு பார்ப்பவன்தான் நாயகன். கீழே வரும் பதில்களை எல்லாம் இந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

டெல்டா என்றால் கதையை எந்த ஊரில் வைப்பது? எல்லா ஊரும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் ஆற்றுத் தண்ணீர் முதலில் வந்து சேரும். வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் இருக்கும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் அங்கே எட்டுமா என்பதே வருடா வருடம் கேள்விதான். வேதாரண்யத்தில் உப்பளம், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, நாகப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகம். தலைமடையில் பிறந்தவளைக் கடைமடையில் கட்டிக்கொடுத்தாலே உங்களுக்குப் பாதி கதை கிடைத்துவிடும். 'எங்க ஊர்ல எல்லாம் ஆடிக்கு முன்னாடியே வாய்க்கால் நெறஞ்சிரும்' என்று புகுந்த வீட்டில் அவள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் பாருங்கள்.

ஆற்றின் பெயரையும் சரியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் காவிரி என்று எழுதினால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். கும்பகோணத்தில் அரசலாறு இருக்கிறது, திருக்கருகாவூரில் வெட்டாறு, மன்னார்குடியில் பாமணியாறு. குடமுருட்டி, வெண்ணாறு, வீரசோழன் என்று நாயகன் ஆற்றைப் பேர் சொல்லிப் பேசினாலே போதும், அவன் அந்த ஊர்க்காரன் என்று வாசகர் நம்பிவிடுவார்.

நாயகன் விவசாயி. கதையின் மாதக் கணக்கை எப்படிப் போடுவது?

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ஆனால் கணக்கைப் பிடித்துவிட்டால் திருப்பங்களைத் தேடி அலைய வேண்டாம், நெல்லே கொடுத்துவிடும்.

வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்கள். சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து போகும். குறுகிய கால நெல்லான குறுவை அந்தத் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. குறுவை அறுத்த வயலில் தாளடி போடுவார்கள். குறுவை போடாதவர்கள் நேரடியாக நீண்ட கால நெல்லான சம்பா. சம்பா அறுவடை தை, மாசியில். அதன் பிறகு ஈரம் இருக்கும்போதே உளுந்து, பயறு. கையில் காசு புரளும் மாதம் தை என்பதால், கல்யாணமும் தையில்தான் கூடி வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். தையில் கல்யாணம் ஆகி, மாசி தொடக்கத்தில் கரு உண்டானால் பிரசவம் ஐப்பசியில் வரும். ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. இளம் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும், வடிகால் வாய்க்கால் ஆகாயத்தாமரையால் அடைத்துக்கொள்ளும், ஊர் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வரப்பில் இருப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இடுப்பு வலி எடுக்கிறது. அவன் எங்கே இருப்பான்? மடையை வெட்டிவிட்டால் தன் வயல் பிழைக்கும், ஆனால் கீழே உள்ள பங்காளியின் வயல் மூழ்கும் என்ற தகராறு வேறு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். வில்லன் யாரும் இல்லாமலே ஒரு அத்தியாயம் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. கதையில் வருடத்தைக் குறிப்பிட்டால் அந்த வருடம் அணை எப்போது திறந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. 2024 ஜூனில் ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓட, நாயகி படித்துறையில் கால் நனைத்தாள் என்று எழுதினால் தஞ்சாவூர் வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதா? அதை வைத்துக் காதல் காட்சி எழுதலாமா?

இருக்கிறது, முன்னைப் போலக் கண்டிப்பாக இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் ஜோடியை யார் பிரிப்பது? ஆனாலும் பெண் வீட்டிலிருந்து ஆடிச்சீரோடு அழைக்க வந்துவிடுவார்கள், பேருக்காவது நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவாள். ஆடியில் உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும், தாயும் பிள்ளையும் தவித்துப்போவார்கள் என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் காரணம். விதைப்பும் நாற்றங்காலுமாக வேலை நெருக்கும் மாதம் என்பதும் சேர்ந்திருக்கலாம்.

இந்த மண்ணில் காதலும் தாய்மையும் ஒரே படித்துறையில் சந்திக்கும் நாள் ஆடிப்பெருக்கு. அன்று காவிரி மசக்கைக்காரி. கர்ப்பிணிக்கு வாய்க்கு ருசியாகச் செய்து கொடுப்பதுபோல ஆற்றுக்குச் சித்ரான்னம் படைக்கிறார்கள். பனையோலையில் செய்த காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி எல்லாம் வைத்துப் பூஜை செய்து தண்ணீரில் விடுகிறார்கள். புதுப்பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள்.

திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் அம்மாவோடு வந்து நிற்கும் புதுப்பெண்ணை, கூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டிய புருஷன்தான். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் திருட்டுத்தனமாக வந்திருக்கிறான். மாமியார் அவனைப் பார்த்துவிட்டும் பார்க்காததுபோலக் காப்பரிசியை ஒரு பிடி கூடுதலாகப் பொட்டலம் கட்டி மகள் கையில் திணிக்கிறார். முத்தக் காட்சி எதற்கு?

நாயகி மயங்கி விழ, பாட்டி கை பிடித்துப் பார்த்து 'நல்ல சேதி' என்று சொல்லலாமா?

வேண்டாமே. மருந்துக்கடையில் விற்கும் பரிசோதனை அட்டையை இன்று எல்லாக் கிராமத்திலும் வாங்கலாம். ஆனால் ஊர்க் கடையில் கடைக்காரர் சித்தப்பா முறையாக இருப்பார். அவரிடம் கேட்க வெட்கப்பட்டு அவள் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய் வாங்கி வரட்டும். மயக்கத்தைவிட அது நல்ல காட்சி.

மருத்துவ விஷயத்தில் அடிக்கடி தப்பாக எழுதப்படுபவை சில. கூடிய மறுநாளே அட்டையில் கோடு வராது. நாள் தள்ளிப்போகும் சமயத்தில்தான் அநேகமாகத் தெரியும். மருத்துவர் சொல்லும் நாற்பது வாரம் கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியிலிருந்து கணக்கு, கூடிய நாளிலிருந்து இல்லை. சந்தேகப்படும் நாயகனை வைத்து எழுதுபவர்கள் இந்த இரண்டு வாரத்தை மறந்துவிட்டு அநாவசியமாக ஒரு பெண்ணை அழவைக்கிறார்கள். தலைச்சன் பிள்ளை வயிற்றில் அசைவது பொதுவாகப் பதினெட்டு முதல் இருபது வாரத்தில்தான் தெரியும். மூன்றாம் மாதமே உதைத்தான் என்று எழுதாதீர்கள்.

முக்கியமாக, ஸ்கேன் பார்த்த டாக்டர் சிரித்துக்கொண்டே 'பையன்' என்று சொல்லும் காட்சி. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம். டாக்டரை நல்லவராகக் காட்ட நினைத்து ஜெயிலுக்கு அனுப்பிவிடுகிறோம். தம்பதி சிங்கப்பூரில் இருந்தால் அங்கே சொல்வார்கள். நம் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய என்பதால், பாலினம் தெரிந்த மருமகளும் தெரியாததுபோல நடிக்கும் மகனும், பேரன்தான் என்று அடித்துச் சொல்லும் அப்பாயியும் போனில் பேசும் காட்சியை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

வளைகாப்பு அத்தியாயம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் விட மனசு வராது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில் செய்வார்கள். முதலில் வேப்பங்கொழுந்தில் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலந்த சாதங்கள். முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அரசு சார்பில் அங்கன்வாடிப் பெண்கள் முன்னின்று நடத்தும் சமுதாய வளைகாப்பும் இருக்கிறது. காதலித்து ஓடிப்போய்க் கல்யாணம் செய்து, இரண்டு வீட்டிலும் யாரும் எட்டிப்பார்க்காத பெண்ணுக்கு அந்த வரிசையில் உட்கார்ந்தபோது முதல் வளையல் யார் போட்டது என்று யோசியுங்கள். கதை அங்கேயே தொடங்கலாம்.

திருக்கருகாவூர் இல்லாமல் டெல்டாவில் தாய்மைக் கதை எழுத முடியாதா?

முடியும். ஆனால் கோயிலை வைக்கிறீர்கள் என்றால் சரியாக வையுங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவாமி முல்லைவனநாதர், அம்பாள் கர்ப்பரட்சாம்பிகை. பிள்ளை வரம் கேட்பவர்கள் அம்பாள் சன்னிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டு, அந்த நெய்ப் பிரசாதத்தை வாங்கிப் போய்க் கணவன் மனைவி இருவரும் நாற்பத்தெட்டு நாள் சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது விளக்கெண்ணெய். அது வயிற்றில் தடவத்தான். நாயகியைக் குடிக்க வைத்த ஒரு கதையைப் படித்துப் பதறிவிட்டேன்.

தல புராணமே ஒரு குடும்பக் கதைதான். வேதிகை கர்ப்பமாக இருக்கிறாள். கணவர் நித்துருவர் வெளியே போயிருக்கிறார். அசதியில் அவள் படுத்திருந்த நேரம் ஒரு முனிவர் பிச்சை கேட்டு வருகிறார், எழுந்து வரத் தாமதமானதால் சபிக்கிறார். கரு கலைகிறது, அம்பாள் அதைக் காப்பாற்றிக் குழந்தையாக்கித் தருகிறாள். பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். மசக்கையில் சோர்ந்து கிடக்கும் பெண்ணைப் பார்த்து ஒருவருக்குக் கோபம் வருகிறது, அவள் பக்கம் நிற்க இன்னொரு பெண்தான் வருகிறாள் என்று பாருங்கள். இன்றைக்கும் எந்த வீட்டிலும் நடப்பது. திரும்பி வந்த நித்துருவர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் எழுதலாம்.

இன்னொரு தாய் பூம்புகார்க்காரி. மாதவியைக் கோவலனின் காதலியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது, கடலில் தன் முன்னோரைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் தேர்ந்தெடுக்கிறான். அவன் போன பிறகு மாதவி துறவுக்குத் திரும்புகிறாள், மகளைத் தன் குலத்தொழிலுக்கு அனுப்ப மறுக்கிறாள். அப்போது அவள் சொல்வது, மணிமேகலை பத்தினி கண்ணகியின் மகள் என்று. தான் பெற்றவளைக் காதலனுடைய மனைவியின் மகள் என்று சொல்லும் தாய். இரண்டு பெண்களைச் சக்களத்திச் சண்டையில் இறக்கிவிட்டு ரேட்டிங் பார்க்கும் நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

குழந்தை இல்லாத தம்பதியின் காதலை எழுதினால் கடைசியில் குழந்தை கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வாசகர்கள் கேட்பார்கள். கமெண்ட்டில் 'ரைட்டர் மேடம், ட்வின்ஸ் குடுத்துருங்க' என்று கெஞ்சுவார்கள். கொடுக்காமல் இருக்க உங்களுக்குத் தைரியம் வேண்டும். பிள்ளை இல்லை என்பது அவர்கள் காதலின் குறை ஆகாது என்று ஐம்பது அத்தியாயம் எழுதிவிட்டு, ஐம்பத்தோராவதில் இரட்டைப் பிள்ளையைப் பரிசாகக் கொடுத்தால், இத்தனை நாள் சொன்னதை நாமே அழித்ததாகிவிடும்.

தத்தெடுப்பதாக எழுதினால் 'ஆஸ்பத்திரியில் விட்டுப்போன குழந்தையை நாயகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்' என்று முடிக்காதீர்கள். குழந்தைகள் நலக் குழு, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, காத்திருப்பு என்று முறை இருக்கிறது. அந்தக் காத்திருப்பும் ஒரு கர்ப்பகாலம்தான், அதில் மசக்கையும் உண்டு, பயமும் உண்டு.

நாகப்பட்டினம் கடற்கரையை எழுதுபவர்கள் 2004 டிசம்பர் 26-ஐத் தொடாமல் எழுத முடியாது. ஆழிப்பேரலையில் அங்கே ஏராளமான குழந்தைகள் போய்விட்டார்கள். பல தாய்மார்கள் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மறுபடி பிள்ளை பெற விரும்பியவர்களுக்கு அந்தக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. கொஞ்சம் நின்று யோசியுங்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். இருந்த பிள்ளைகள் இல்லை. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அவன் கடலுக்குப் போக மறுக்கிறான், அவள் சமைக்க மறுக்கிறாள். ஒரு நாள் செவிலியர் வந்து இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி அவர்கள் எப்படிப் பேச்சைத் தொடங்குவார்கள்? யார் முதலில்? போன பிள்ளைக்குத் துரோகம் என்று அவளுக்குத் தோன்றாதா? புதிதாகப் பிறப்பவளுக்குப் பழைய பேரையே வைப்பார்களா, வைத்தால் அதைக் கூப்பிட வாய் வருமா? இதைவிடக் கனமான காதல் கதை எனக்குத் தெரியவில்லை. அவசரப்பட்டு எழுதக்கூடியதும் இல்லை. அந்த ஊர்களில் அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள், அவர்களும் நம் கதையைப் படிக்கக்கூடும்.

நாயகன் மீனவன் என்றால் கவனிக்க வேண்டியது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம், காசு இல்லாத காலமும் அதுதான். காதலுக்கும் சண்டைக்கும் தேவையானது இரண்டும் கிடைக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அவன் பால் சுறா தேடி அலைவதை எழுதினால் உங்களுக்குப் புண்ணியம்.

பிரசவக் காட்சியை எப்படி எழுதுவது?

சுருக்கமாக. கத்தலை மூன்று பக்கம் எழுத வேண்டாம். கிராமத்திலிருந்து 108-இல் போவார்கள். சிக்கல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பிரசவம் என்றால் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் வழக்கம் உண்டு, ஆகவே நாயகன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அங்கே நடக்காது. அவன் வெளியே வேப்பமரத்தடியில், இன்னும் நாலு புருஷன்களோடு உட்கார்ந்திருப்பான். அந்த நாலு பேரின் பேச்சை எழுதுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு காதல் காட்சியா? பத்திய காலத்தில்?

ஆமாம், அங்கேதான். பச்சை உடம்புக்காரி அம்மா வீட்டில் இருப்பாள். பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம், காதில் பஞ்சு. அவன் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, மாமியார் வீட்டுத் திண்ணையில் விருந்தாளிபோல உட்கார்ந்திருப்பான். பிள்ளையைப் பார்க்கலாம், பெண்டாட்டியோடு தனியாகப் பேச முடியாது. அறைக்குள் எந்த நேரமும் யாராவது ஒரு பெரியம்மா இருப்பார். காதலித்த காலத்தில்கூட இவ்வளவு காவல் இருந்ததில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> 'தூங்குறானா?'
> 'இப்பத்தான்.'
> 'நீ தூங்குனியா?'
> அவள் பதில் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாளில் அதை யாரும் கேட்கவில்லை.
> 'பெரிம்மா, நான் செத்த நேரம் புள்ளைய வச்சுக்கிறேன். நீங்க போயி காப்பித்தண்ணி போடுங்களேன்' என்றான் அவன்.
> பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். போகிற போக்கில் கதவை ஒருச்சாய்த்துவிட்டுத்தான் போனார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்புறம், அழுகை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது ரொம்பச் சாதாரணம். இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அடங்காமல் வாரக்கணக்கில் நீண்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், அது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் உண்டு. 'காத்து கருப்பு அண்டிருச்சு' என்று வேப்பிலை அடிப்பவர்களைக் கதையில் காட்டலாம். ஆனால் டாக்டரிடம் அழைத்துப் போவதாகவும் ஒருவர் இருக்கட்டும். அது நாத்தனாராக இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நாத்தனார்களுக்கு நாம் நல்ல வேடமே கொடுப்பதில்லை.

மாமியாரை வில்லி ஆக்காமல் கதை நகருமா?

நகரும். அவரும் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்கு வந்த மருமகள், அவருக்கும் பிரசவ லேகியம் கசந்திருக்கும். அவருடைய காதல் என்ன ஆனது என்று ஒரு அத்தியாயம் கொடுத்துப் பாருங்கள், வாசகர்கள் அவரைத்தான் கொண்டாடுவார்கள்.

ஆன்டி ஹீரோ கதைதான் ஓடுகிறது. கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்தவனை, பிள்ளை பிறந்ததும் அவள் மன்னிப்பதாக எழுதலாமா?

எழுதுகிறார்கள், ஓடவும் செய்கிறது. எனக்கு உடன்பாடில்லை. அடித்தவனோடு அவளைச் சேர்த்து வைக்கும் வேலையை நேற்றுப் பிறந்த சிசுவிடம் கொடுப்பது அந்தச் சிசுவுக்கே செய்யும் அநியாயம். அவன் திருந்துவதாக எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் பிள்ளையைப் பார்த்து உருகுவதை மட்டும் திருந்தியதற்கு அத்தாட்சியாகக் காட்டாதீர்கள். பிள்ளையைக் கொஞ்சாத கொடியவன் யாராவது உண்டா? அவளிடம் அவன் எப்படி நடக்கிறான் என்பதுதான் கணக்கு. பிரிந்தே இருக்கட்டும், தனியாக வளர்க்கட்டும், ஐந்து வருடம் கழித்து இன்னொருவன் வரட்டும். பிள்ளையோடு இருப்பவளுக்கு மறுமணம் செய்து வைக்கும் குடும்பங்கள் இப்போது நம் ஊர்களில் இல்லாமல் இல்லை.

சாதியைப் பேசாமல் டெல்டா காதல் கதை எழுதலாமா?

பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறோம். பெரிய வீடு, ஊஞ்சல், நெல் குதிர், நூறு ஏக்கர், வாசலில் கும்பிட்டபடி நிற்கும் 'வேலையாட்கள்'. அந்த வேலையாட்களுக்குப் பெயர்கூட இருக்காது. இது 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இருக்கும் மண். 1968 டிசம்பர் 25. கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதை ஒவ்வொரு காதல் கதையிலும் கொண்டு வரச் சொல்லவில்லை. ஆனால் நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும் வரப்பு மரத்துக் கிளையில் தூளி கட்டியிருக்கும், அதில் பிள்ளை அழும், நெஞ்சில் பால் கட்டும், கங்காணி அடுத்த பத்தியைக் காட்டுவார். அவளுக்கும் ஒருவன் மேல் ஆசை இருந்திருக்கும். நாயகி பால்கனியில்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு தரும் 18,000 ரூபாய் உதவியில் ஒரு தவணை அவள் கணக்கில் ஏறும் நாள், அந்த வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை யோசனை வரும்! அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி கொலுசு.

வட்டார வழக்கு எவ்வளவு போடலாம்?

பேச்சில் மட்டும், அளவாக. 'செத்த இரு', 'வெரசா வா', 'அப்பாயி', 'அம்மாயி' போதும். மதுரைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் டெல்டாக்காரி வாயில் போடாமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி. புருஷனை 'ஏங்க' என்றோ 'மாமா' என்றோ கூப்பிடட்டும். நாகூர், கூத்தாநல்லூர்க் குடும்பம் என்றால் உறவுச் சொற்களை அந்த ஊர்க்காரரிடம் கேட்டு எழுதுங்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

கைக்குழந்தை இருக்கிறது. தினமும் யூடி (அப்டேட், அடுத்த பகுதி) போட முடியவில்லை. வாசகர்கள் கோபிக்கிறார்களே?

வாரம் இரண்டு என்று முதல் எபியிலேயே சொல்லிவிடுங்கள். பாதிக் கதையாவது முடித்து வைத்துக்கொண்டு தொடரை ஆரம்பியுங்கள். பால் கொடுக்கும்போது போனில் ஒரு கையால் தட்டச்சு செய்வதைவிட, குரலில் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு திருத்துவது கழுத்துக்கு நல்லது. இடையில் பிள்ளைக்கு ஜுரம் வந்துவிட்டால் 'இந்த வாரம் இல்லை' என்று ஒரு வரி போடுங்கள், மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டாம். கோபித்துக்கொள்பவர்களிலும் பாதிப் பேர் மடியில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள்.